அப்பாவின் காலும் போர்ட்லாண்ட் டாக்டரும்

போன பதிவில் எங்கள் வீட்டுத் தறியைப் பற்றி எழுதியிருந்தேன். "அந்தத் தறியை ஏன் விற்றீர்கள்?" என்று நண்பர்கள் இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தார்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் அப்பாவின் காலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால், அப்பா கேள்வியே பட்டிராத ஓர் அமெரிக்க டாக்டரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பதிவு கொஞ்சம் நீளம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா அருப்புக்கோட்டையில் கைத்தறி நெசவாளி. குழித்தறி. காலை ஆறு மணிக்குக் குழிக்குள் காலை இறக்கினால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். நெசவு கையால் செய்கிற வேலை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். மிதியை மாற்றி மாற்றி மிதித்தால்தான் பாவு பிரியும், நாடா ஓடும். அதனால் அது காலாலும் செய்கிற வேலை. பக்கத்தில் எப்போதும் ஒரு கட்டு பீடி இருக்கும். சாயங்காலத்துக்குள் அது தீர்ந்து இன்னொன்று பிரிக்கப்பட்டிருக்கும்.

1977 வாக்கில் அவருக்கு நடக்கும்போது ஆடுசதை இழுத்துப் பிடிக்க ஆரம்பித்தது. நூல் கடைக்குப் போகும் வழியில் நாலு இடத்தில் நிற்பார். இரண்டு நிமிடம் நின்றால் வலி விட்டுவிடும், மறுபடி நடப்பார். வாயு என்றார்கள். தைலம் தேய்த்தோம். ஒரு வருடம் போனதும் படுத்திருக்கும்போதே வலித்தது. காலைக் கீழே தொங்கவிட்டால் கொஞ்சம் குறையும் என்பதால் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தபடியே தூங்குவார். 1979-ல் இடது கால் பெருவிரல் கறுத்தது.

பக்கத்துப் பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் நல்ல மனிதர். கணுக்காலிலும் முழங்காலுக்குப் பின்னாலும் விரலை வைத்துப் பார்த்தார். நாடி இல்லை. முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டும் என்றார்.

"வேற வழி இல்லையாய்யா?" என்று அப்பா கேட்டார்.

"இருந்தா செய்ய மாட்டேனா பெரியவரே?" என்றார் டாக்டர்.

அப்பா என்னைப் பார்த்தார். எனக்கு அப்போது 25 வயது. குடிநீர் வாரியத்தில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டது நான்தான்.

அதன் பிறகு அப்பா ஐந்து வருடம் இருந்தார். ஒற்றைக் காலால் குழித்தறியில் உட்கார முடியாது. தறியை விற்றோம். திண்ணையில் ராட்டையைப் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுத் தறிகளுக்குத் தார் சுற்றிக் கொடுத்தார். புகார் சொன்னதே இல்லை. அந்தக் கேள்வியையும் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

இனி என் கதைக்கு வருகிறேன். 2017-ல் எனக்கு 63 வயது. சுகர் வந்து இருபது வருடம் ஆகியிருந்தது. பீடி சிகரெட் பழக்கம் கிடையாது, அதனால் எனக்கு ஒன்றும் வராது என்ற தைரியத்தில் இருந்தேன். ஒரு நாள் காலை நடையில் இடது ஆடுசதை பிடித்தது. நின்றேன், விட்டது. நடந்தேன், பிடித்தது. மூன்றாவது தடவை நின்றபோது அப்பா நூல் கடைக்குப் போகும் வழியில் நின்றது கண் முன்னால் வந்தது. அதே வாரத்தில் புதுச் செருப்பு கடித்த புண் ஒன்று பெருவிரலில் ஆறாமல் இருந்ததையும் கவனித்தேன்.

இந்தத் தடவை தைலம் தேய்க்கவில்லை. மதுரையில் டாக்டரிடம் போனேன். கையில் பிரஷர் பார்த்தார்கள், கணுக்காலிலும் பார்த்தார்கள். கணுக்கால் அளவைக் கை அளவால் வகுத்தால் ஏறக்குறைய 1 வர வேண்டும். 0.9-க்குக் கீழே போனால் கால் ரத்தக் குழாயில் அடைப்பு என்று அர்த்தம். எனக்கு 0.5 வந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். தொடையில் ஒரு இடத்தில் குழாய் நூல் மாதிரி சுருங்கியிருந்தது.

பலூன் வைத்தது ஒரு இளம் பெண் டாக்டர். இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்ட் என்று பெயர்ப் பலகையில் போட்டிருந்தது. எக்ஸ்ரே பார்க்கிற டாக்டர் எதற்கு எனக்கு வைத்தியம் பார்க்கிறார் என்று எனக்கு ஒரே குழப்பம். வலது தொடை இடுக்கில் மரத்துப்போகிற ஊசி ஒன்று போட்டார். அங்கிருந்து ஒரு மெல்லிய கம்பி இடது காலுக்குள் போவதைத் திரையில் நானே பார்த்தேன். மருந்து செலுத்தும்போது கால் முழுக்க வெந்நீர் ஊற்றின மாதிரி சூடு. பலூனை விரித்தபோது தொடையில் ஓர் அழுத்தமான வலி, சுருக்கியதும் போய்விட்டது. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. மறுநாள் வீட்டுக்கு வந்துவிட்டேன். புண் ஆற இரண்டு மாதம் ஆனது. ஆனால் ஆறியது.

மேஜையில் படுத்திருக்கும்போதே அந்த டாக்டரிடம் கேட்டேன்: "ஏம்மா, இந்த வைத்தியம் எல்லாம் எப்ப வந்தது? இப்ப ஒரு பத்து வருஷமாவா?"

"இல்ல சார், 1964-லயே வந்துடுச்சு. அமெரிக்காவுல ஒரு ரேடியாலஜிஸ்ட்தான் முதல்ல செஞ்சார்."

1964. அப்பாவின் காலை எடுத்ததற்குப் பதினைந்து வருடம் முன்னால். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த எண் என்னை விடவில்லை. ரிடையர் ஆனவனுக்கு நேரத்துக்கு என்ன குறை? படிக்க ஆரம்பித்தேன். படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்த நோயை மருத்துவர்களுக்கு முதலில் காட்டிக்கொடுத்தது ஒரு குதிரை. 1831-ல் பிரான்ஸில் பூலே என்ற கால்நடை மருத்துவர், ஓடினால் நொண்டுவதும் நின்றால் சரியாவதுமாக இருந்த ஒரு குதிரையைப் பற்றி எழுதினார். அதன் காலுக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்திருந்தது. 1858-ல் ஷார்கோ என்ற புகழ்பெற்ற பிரெஞ்சு மருத்துவர் அதே தொல்லை மனிதனுக்கும் வருவதைச் சொன்னார். ஜெர்மன்காரர்கள் இதைக் 'கடை ஜன்னல் நோய்' என்கிறார்கள். வலி வந்ததும் நிற்க வேண்டும், சும்மா நின்றால் பிறர் பார்ப்பார்கள், அதனால் கடை ஜன்னலில் உள்ள சாமான்களைப் பார்ப்பது போல நிற்பார்களாம். இதைப் படித்தபோது சிரிப்பும் வரவில்லை, வேறு எதுவும் சொல்லவும் தோன்றவில்லை. அப்பாவும் வழியில் நிற்கும்போது யாரிடமாவது நெசவுக் கூலி பற்றிப் பேச்சுக் கொடுப்பார்.

நோய் தெரிந்தது, ஆனால் அடைப்பு எங்கே இருக்கிறது என்று பார்க்க வழியில்லை. 1895 கடைசியில் ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். சில வாரங்களிலேயே, 1896 ஜனவரியில், வியன்னாவில் இருவர் இறந்தவர் ஒருவரின் கை ரத்தக் குழாய்களுக்குள் எக்ஸ்ரேயில் தெரியும் கலவையைச் செலுத்திப் படம் எடுத்துவிட்டார்கள். உயிரோடு இருப்பவருக்கு அதைச் செய்ய இன்னும் முப்பது வருடம் ஆனது. போர்ச்சுகலின் லிஸ்பன் நகரில் 1927-ல் மோனிஸ் மூளை ரத்தக் குழாய்களைப் படம் எடுத்தார். அதே ஊரில் 1929-ல் ரெனால்டோ டோஸ் சாண்டோஸ் முதுகு வழியாக ஊசி செலுத்தி வயிற்றுப் பெருந்தமனியைப் படம் எடுத்தார். அவருடைய மகன் ஜோவா சிட் டோஸ் சாண்டோஸ் அறுவை மருத்துவர். 1946-ல் அவர் அடைத்த குழாயைத் திறந்து உள்ளே இருந்த அடைப்பைச் சுரண்டி எடுத்தார். எங்கே அடைப்பு என்று காட்டியவர் அப்பா, அதை எடுத்தவர் மகன். 1948-ல் பாரிஸில் குன்லான் என்ற அறுவை மருத்துவர், காலில் இருந்தே ஒரு சிரையை எடுத்து அடைப்பைத் தாண்டி மாற்று வழி போட்டார். நாம் பைபாஸ் என்று சொல்வது அதைத்தான்.

எல்லாமே பெரிய ஆபரேஷன்கள். வயதானவர், இதயம் பலவீனமானவர் தாங்க மாட்டார். ஆனால் கால் அழுகுவது பெரும்பாலும் அவர்களுக்குத்தான்.

1953-ல் ஸ்வீடனில் செல்டிங்கர் என்ற இளம் ரேடியாலஜிஸ்ட் ஒரு சின்ன வேலை செய்தார். முதலில் ஊசியைக் குத்து, ஊசிக்குள் கம்பியை விடு, ஊசியை உருவு, கம்பியின் மேலேயே குழாயைக் கோத்து உள்ளே தள்ளு. அவ்வளவுதான். கத்தி வைத்துக் குழாயைத் திறக்க வேண்டிய அவசியமே போய்விட்டது. எனக்குப் பலூன் வைத்ததும் இந்த முறையில்தான். உலகம் முழுக்க இன்றைக்கும் அதே ஊசி, கம்பி, குழாய் வரிசைதான். ஆனால் அன்றைக்கு இதெல்லாம் படம் எடுப்பதற்கு மட்டுமே. ரேடியாலஜிஸ்ட் பார்த்துச் சொல்வார், சர்ஜன் வெட்டுவார். அதுதான் ஏற்பாடு.

அந்த ஏற்பாட்டைக் கேட்காதவர்தான் சார்லஸ் டாட்டர். 1920-ல் பாஸ்டனில் பிறந்தவர். 1952-ல், 32 வயதிலேயே, போர்ட்லாண்டில் இருந்த ஓரிகன் மருத்துவக் கல்லூரியில் ரேடியாலஜி துறைத் தலைவரானார். மலையேறுவதில் பைத்தியம். கிடார் கம்பி, காரின் ஸ்பீடாமீட்டர் கேபிள் என்று கையில் கிடைத்ததை எல்லாம் வைத்து ரத்தக் குழாய்க்குள் விடும் கம்பிகளைத் தானே செய்து பார்த்தவர்.

1963-ல் ஒரு நோயாளிக்குப் படம் எடுக்க இடுப்புப் பக்கக் குழாய் வழியாகக் கதீட்டரை மேலே தள்ளினார். அது போய்விட்டது. பிறகுதான் தெரிந்தது, அந்த இடம் முழுக்க அடைத்திருந்த இடம் என்று. படம் எடுக்கப் போன குழாய், தெரியாமலேயே அடைப்பைத் திறந்துவிட்டது. வேறொருவராக இருந்தால் நல்லவேளை என்று விட்டிருப்பார். டாட்டர் அந்த வருடம் ஜூன் மாதம் செக்கோஸ்லோவாகியாவில் கார்லோவி வேரி என்ற ஊரில் நடந்த மாநாட்டில், இந்தக் கதீட்டர் நோயைக் கண்டுபிடிக்கும் கருவி மட்டுமல்ல, வைத்தியம் செய்யும் கருவியாகவும் ஆகும் என்று பேசினார்.

அதே வருடக் கடைசியில் சிகாகோவில் ரேடியாலஜிஸ்டுகள் மாநாடு. அங்கே பில் குக் என்ற இளைஞர், தன் வீட்டிலேயே செய்யும் கம்பிகளையும் குழாய்களையும் விற்கக் கடை போட்டிருந்தார். டாட்டர் அவரிடம் டெஃப்லான் குழாயையும் அதைச் சூடாக்கும் ஊதுவிளக்கையும் இரவல் வாங்கிக்கொண்டு ஹோட்டல் அறைக்குப் போனார். மறுநாள் பத்துக் கதீட்டர்களோடு திரும்பி வந்தார். இருவருக்கும் அன்று தொடங்கிய நட்பு கடைசிவரை இருந்தது.

1964 ஜனவரி 16. போர்ட்லாண்டில் 82 வயது மூதாட்டி ஒருவர் படுத்திருந்தார். இடது காலில் ஆறாத புண், விரல்கள் அழுகத் தொடங்கிவிட்டன, தாங்க முடியாத வலி. காலை எடுக்க வேண்டும் என்று டாக்டர்கள் சொன்னார்கள். அந்த அம்மாள் முடியாது என்றார். அப்படி மறுத்ததால்தான் அவரை டாட்டரிடம் அனுப்பினார்கள். படத்தில், தொடைக் குழாயில் ஒரே ஒரு சின்ன இடத்தில் மட்டும் சுருக்கம் தெரிந்தது. டாட்டரும், அவரிடம் பயிற்சியில் இருந்த மெல்வின் ஜட்கின்ஸும் அந்த இடத்தின் வழியாக முதலில் கம்பியை விட்டார்கள். கம்பியின் மேல் ஒரு மெல்லிய குழாய், அதன் மேல் இன்னும் தடித்த ஒரு குழாய். குழாய்களை வெளியே எடுத்தபோது வழி திறந்திருந்தது. கால் சூடானது. வலி போனது. புண் ஆறியது. பிறகு எடுத்த படங்களிலும் அந்த இடம் திறந்தே இருந்தது. ஏறக்குறைய மூன்று வருடம் கழித்து வேறு நோயில் அவர் இறக்கும்வரை சொந்தக் காலில்தான் நடந்தார்.

அந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டேன். 82 வயது, இடது கால், கறுத்த விரல், எடுக்கணும் என்ற டாக்டர்கள். எல்லாம் ஒன்றுதான். அந்த அம்மாள் மறுத்தார், நான் கையெழுத்துப் போட்டேன். இரண்டு நாள் இந்தப் பக்கமே வரவில்லை. பிறகுதான் மீதியைப் படித்தேன். மீதியைப் படித்தது நல்லதாகப் போயிற்று.

1964 நவம்பரில் டாட்டரும் ஜட்கின்ஸும் இதை ஒரு பெரிய மருத்துவ இதழில் எழுதினார்கள். அமெரிக்க அறுவை மருத்துவர்கள் ஏற்கவில்லை. எக்ஸ்ரேக்காரனுக்கு இதில் என்ன வேலை என்ற எண்ணம். 'கிறுக்கன் சார்லி' என்ற பெயர்கூட வந்தது. அவருடைய ஆஸ்பத்திரியிலேயே ஒரு அறுவை மருத்துவர் நோயாளியைப் படம் எடுக்க அனுப்பும்போது, படம் மட்டும் எடு, சரிசெய்யப் பார்க்காதே என்று சீட்டில் பெரிய எழுத்தில் எழுதி அனுப்பினார். அந்தச் சீட்டு இன்றைக்கு இந்தத் துறை மாணவர்களுக்கெல்லாம் காட்டப்படும் சரித்திரச் சான்று. டாட்டர் அசரவில்லை. பைப்பும் ஸ்பேனரும் குறுக்காக வைத்த படத்தைத் தன் சின்னமாக வரைந்துகொண்டார். குழாய்க்காரன் பைப்புக்குச் செய்வதை நாம் ரத்தக் குழாய்க்குச் செய்யக்கூடாதா என்பது அவர் வாதம். முப்பத்து நாலு வருடம் பைப்போடு மாரடித்தவன் என்ற முறையில் இந்தச் சின்னத்தைப் பார்த்ததும் எனக்கு அவரைப் பிடித்துப் போயிற்று.

சொந்த நாட்டில் ஏற்காததை ஐரோப்பா ஏற்றது. ஜெர்மனியில் சைட்லர் என்ற டாக்டர் இதை நிறையப் பேருக்குச் செய்தார். 'டாட்டர் செய்வது' என்றே ஜெர்மன் மொழியில் ஒரு வினைச்சொல் உண்டாயிற்று. சைட்லரிடம் கற்றுக்கொண்டவர் ஆண்ட்ரியாஸ் க்ரூன்ட்ஸிக் என்ற இளைஞர். சுவிட்சர்லாந்தில் ஜூரிச்சில் வேலை.

டாட்டர் முறையில் ஒரு சிக்கல் இருந்தது. தொடையில் எவ்வளவு தடித்த குழாய் வேண்டுமோ, அவ்வளவு பெரிய ஓட்டையைக் குத்துகிற இடத்திலும் போட வேண்டும். உள்ளே மெல்லிசாகப் போய் அங்கே மட்டும் தடிக்கிற ஒன்று வேண்டும். அதாவது பலூன். ஆனால் ரப்பர் பலூன் உதவாது. அடைப்பு கடினமாக இருக்கும் இடத்தில் ரப்பர் ஒடுங்கிக்கொள்ளும், இரண்டு பக்கமும் உப்பும். ஒரு அளவுக்கு மேல் விரியாத, உருளையாகவே நிற்கிற பலூன் வேண்டும். க்ரூன்ட்ஸிக் தன் வீட்டுச் சமையலறை மேஜையில், மனைவியும் உதவியாளரும் அவருடைய கணவரும் கூட இருக்க, இரவு இரவாக ஒட்டிப் பார்த்தார். கடைசியில் கைகொடுத்தது பி.வி.சி. நம் வீட்டுப் பைப்பில் இருக்கிற அதே பி.வி.சி. 1974 பிப்ரவரியில் அந்தப் பலூனை முதன்முதலாக ஒரு நோயாளியின் தொடைக் குழாயில் விரித்தார். 1977 செப்டம்பர் 16-ல் அதையே இன்னும் சிறியதாக்கி, 38 வயது மனிதர் ஒருவரின் இதய ரத்தக் குழாயில் விரித்தார். இன்று ஊருக்கு ஊர் ஆஞ்சியோ, பலூன் என்று கேள்விப்படுகிறோமே, அதற்கு அந்த நாள்தான் ஆரம்பம். இதயத்துக்கு வந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. ஆனால் அது ஆரம்பித்தது காலில்.

இந்தப் பலூனுக்குள் தண்ணீரும் மருந்தும் கலந்து 8, 10 அட்மாஸ்பியர் அழுத்தம் கொடுக்கிறார்கள் என்று என் டாக்டர் சொன்னார். 10 அட்மாஸ்பியர் என்றால் சுமார் 100 மீட்டர் உயரத்தில் தண்ணீர்த் தொட்டி கட்டினால் கீழே கிடைக்கும் அழுத்தம். நான் கட்டின தொட்டி எதுவும் 20 மீட்டரைத் தாண்டியதில்லை!

ஆனால் பைப் உதாரணம் ஓர் எல்லை வரைதான் சரி. பைப்பில் உப்புப் படிந்தால் சுரண்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். ரத்தக் குழாய்க்கு உயிர் உண்டு. பலூன் விரியும்போது உள்சுவர் கிழிகிறது, அந்தக் காயம் ஆறும்போது தழும்பு தடித்து மறுபடி அடைக்கிறது. அதற்காக உள்ளே முட்டுக்கொடுக்க வேண்டும் என்று டாட்டர்தான் முதலில் யோசித்தார். 1969-ல் நாய்களின் கால் ரத்தக் குழாயில் கம்பிச் சுருள் வைத்துப் பார்த்து எழுதினார். மனிதருக்குப் பரவலாக வர மேலும் இருபது வருடம் பிடித்தது. பால்மாஸ் என்ற டாக்டர் செய்த வலை மாதிரியான ஸ்டென்டை, இடுப்புப் பக்கக் குழாய்க்கு வைக்க அமெரிக்க அரசு 1991-ல் அனுமதித்தது. 'ஸ்டென்ட்' என்பது லண்டன் பல் டாக்டர் ஒருவரின் குடும்பப் பெயர். பல் அச்சு எடுக்க அவர் செய்த மாவின் பெயர் சுற்றிச் சுற்றி இங்கே வந்து ஒட்டிக்கொண்டது. இப்போது தழும்பைத் தடுக்கும் மருந்து பூசிய பலூன்கள் வந்துவிட்டன. எனக்கு விரித்ததும் அதுதான்.

அப்படியானால் பலூன்தான் எல்லாவற்றுக்கும் மருந்தா? இல்லை. 2022-ல் 1,830 நோயாளிகளை வைத்துச் செய்த பெரிய ஆய்வு ஒன்று வெளிவந்தது. காலில் நல்ல சிரை இருக்கிறவர்களுக்குப் பலூனைவிட பைபாஸ் ஆபரேஷனே மேல் என்றது அது. அடுத்த வருடமே, 2023-ல், முழங்காலுக்குக் கீழே அடைப்பு உள்ளவர்களைப் பார்த்த இன்னொரு ஆய்வு, முதலில் பலூன் வைத்தவர்களே கால் போகாமல் அதிக நாள் வாழ்ந்தார்கள் என்றது. ஆளைப் பார்த்து, படத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பதுதான் இதில் நான் புரிந்துகொண்டது. டாட்டரை ஏளனம் செய்த அறுவை மருத்துவர்களும் முழுக்கத் தப்பில்லை, டாட்டரும் தப்பில்லை. இன்றைக்குப் பல இடங்களில் இரு தரப்பும் ஒரே படத்தை ஒன்றாக உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

1985-ல் ஜட்கின்ஸ் ஜனவரியிலும் டாட்டர் பிப்ரவரியிலும் இறந்தார்கள். அக்டோபரில் க்ரூன்ட்ஸிக் தானே ஓட்டிச் சென்ற விமானம் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் விழுந்து இறந்தார். அவருக்கு 46 வயதுதான்.

அப்பாவின் விஷயத்துக்கு வருகிறேன். டாக்டர் சொன்ன "இல்லை" பொய்யா? ரொம்ப நாள் யோசித்தேன். பொய் இல்லை. அந்த ஊரில், அந்த வருடத்தில், அவர் கையில் இருந்ததை வைத்து அவர் சொன்னது சரி. டாட்டரின் சொந்த நாட்டிலேயே அதை ஏற்க மறுத்துக்கொண்டிருந்தார்கள் என்னும்போது, அருப்புக்கோட்டை நெசவாளிக்கு அது எப்படி வந்து சேரும்? பழுத்து விழும் நிலையில் இருந்த ஒரு காலை எடுத்து அவருக்கு ஐந்து வருட ஆயுளைக் கொடுத்தவர் அந்த டாக்டர். அதை நான் மறக்கக் கூடாது.

இன்னொன்றும் உண்டு. அப்பாவுக்கு அடைப்பு எங்கே இருந்தது? தொடையில் ஒரு சின்ன இடத்திலா, அல்லது பாதம் வரைக்கும் எல்லாக் குழாயிலுமா? முதலாவதாக இருந்தால் டாட்டரால் முடிந்திருக்கும். இரண்டாவதாக இருந்தால் அவராலும் முடிந்திருக்காது. யாரும் படம் எடுக்கவில்லை. ஆகவே அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது, இனியும் கிடைக்காது. என்னை உறுத்துவது இதுதான்.

இந்தச் சரித்திரம் முழுக்க நான் பார்ப்பதும் அதையேதான். வியன்னாவில் செத்த கையைப் படம் எடுத்ததிலிருந்து போர்ட்லாண்ட் வரைக்கும், முதலில் பார்க்கத்தான் கற்றுக்கொண்டார்கள். பார்க்கப் போன கருவிதான் பிறகு வைத்தியமும் ஆயிற்று.

அதனால் நண்பர்களே, ஒரு வேண்டுகோள். நடந்தால் ஆடுசதை பிடித்து, நின்றால் விடுகிறதா? வாயு என்று தைலம் தேய்க்காதீர்கள். சுகர் இருப்பவர்கள், பீடி சிகரெட் பிடிப்பவர்கள் கண்டிப்பாகக் கால் நாடியையும் பிரஷரையும் பார்க்கச் சொல்லுங்கள். சுகர்காரர்களுக்குக் குழாய் சுண்ணாம்பு படிந்து கெட்டியாகிவிட்டால் கணுக்கால் பிரஷர் சரியாக இருப்பதுபோலக் காட்டும், அதையும் டாக்டரிடம் கேளுங்கள். யார் வீட்டிலாவது காலை எடுக்க வேண்டும் என்று சொன்னால், டாக்டரோடு சண்டை போட வேண்டாம். எடுத்தே ஆக வேண்டிய கால்களும் உண்டு, தாமதித்தால் உயிருக்கே ஆபத்தாகும் நேரமும் உண்டு. ஆனால் கையெழுத்துப் போடும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அப்பா கேட்டது "வேற வழி இல்லையா?" என்று. அதற்கு இல்லை என்று சொல்வது சுலபம். நீங்கள் "ரத்தக் குழாயைப் படம் எடுத்துப் பார்த்தாச்சா?" என்று கேளுங்கள்.

எனக்கு எட்டு வருடமாகக் கால் இருக்கிறது. நடுவில் ஒரு தடவை மறுபடி சுருங்கி, மறுபடி பலூன் வைத்தார்கள். காலையில் நாற்பது நிமிடம் நடக்கிறேன். ராட்டை இன்னும் வீட்டில் இருக்கிறது. பேத்தி அதைச் சுற்றி விளையாடுகிறாள்.

அடுத்த பதிவில் 1983 தண்ணீர்ப் பஞ்சத்தில் போர் போட்ட கதையைச் சொல்கிறேன்.